படகேறாத வலி

நாகலிங்கத்தின் பல்வலி படகேறாது என்பது 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்துக்குக் கிளம்பும் படகில் தெரியவந்தது. வலது கன்னத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் ஏறியவர், கயிறு அவிழ்ந்து படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் தெரிந்ததும் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். வலி கரையிலேயே நின்றுவிட்டது. அக்கரையில் சாத்தாமில் இறங்கி, ஆட்டோ பிடித்து, டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் பல் டாக்டர் விஜயலட்சுமியின் கிளினிக்கில் போய் வாயைத் திறந்தபோது, எந்தப் பல்லுக்காக வந்தோம் என்பதே அவருக்கு மறந்திருந்தது.

அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. அந்த இரண்டு ஜெட்டிகளுக்கும் நடுவே ஓடிய படகில் லஸ்கராக முப்பத்தோரு வருஷம் கயிறு வீசியவர். வாயில் மிச்சமிருந்த பற்கள் பத்தொன்பது. பாம்பூஃப்ளாட்டில் அந்த வயதுக்காரர்கள் பெரும்பாலும் பல்லுக்காக யாரிடமும் போனதில்லை. ஒரு பக்கம் வலித்தால் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு மறுபக்கத்தில் மென்றார்கள். மறுபக்கமும் போனால் கஞ்சிக்கு மாறினார்கள். கேட்டால் வயசாச்சு என்றார்கள், அதற்குமேல் யாரும் கேட்கவும் இல்லை. நாகலிங்கமும் அப்படித்தான் இருந்திருப்பார். ஆனால் இரண்டு மாதத்தில் ஏழு கிலோ இறங்கி, இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. டெய்ரி ஃபார்மில் குடியிருக்கும் மகள் சித்ராதான் பிடிவாதமாக டாக்டரிடம் பேர் கொடுத்தாள்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். மூன்று பற்களின் வேர்களில் நிழல் தெரிந்தது. வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடிக் கம்பியின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார்.

“இதுவா?”

“இல்லம்மா.”

“இது?”

“இதுவும் இல்ல.”

“மூணுமே சந்தேகந்தான் ஐயா. அதுக்காக மூணையும் எடுத்துட்டா நீங்க எதை வச்சு சாப்பிடுவீங்க? எது வலிக்குதுன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன். வலிக்கிறப்ப வாங்க” என்றார்.

வலிக்கிறபோது போவதுதான் முடியாத காரியமாக இருந்தது. சாயங்காலப் படகில் திரும்பி ஜெட்டிச் சரிவில் கால் வைத்ததும், காத்திருந்ததுபோல வலி கன்னத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தக் கரையில் அது பாதி முகத்தை நிறைத்தது. எந்தப் பல் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. மனைவி பொன்னம்மா பேனாவால் கன்னத்தில் ஒரு அம்பு போட்டு அனுப்பிப் பார்த்தாள். அம்பு காட்டிய இடத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு பற்கள் இருந்தன. இப்படி நான்கு தடவை போய் நான்கு தடவையும் வலியில்லாமல் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

அந்த நான்கு தடவையும் ஜெட்டியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. வலிக்குச் சொந்தக்காரர் அக்கரைக்குப் போனதும் அது டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில் காத்திருந்தது. இளவட்டங்களை அது தொடவில்லை. அறுபது தாண்டிய யாராவது வந்து உட்கார்ந்தால் அவர் வாய்க்குள் போய்விட்டது. முதலில் அகப்பட்டவர் ஓய்வுபெற்ற வாத்தியார் சிவப்பிரகாசம். எழுபத்தெட்டு வயது, பன்னிரண்டு வருஷமாக வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. தீவுக்கு வெளியே மெயின்லேண்டில் கட்டிவந்த பல்செட் ஈறில் உட்காராமல், அலமாரியில் ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்குக் கீழ் வரிசையில், இல்லாத கடைவாய்ப் பல் வலித்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பல் இருந்ததே மறந்துபோயிற்று என்று கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னார். நாகலிங்கம் திரும்பிவந்த நிமிஷத்தில் வாத்தியாருடைய வலி போனது. டிக்கெட் கவுண்டரில் இருந்த பிரவீன்குமார் படகு நேரங்களையும் வலி நேரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தார்.

“அங்கிள், உங்க தர்த், இந்த வலி, படகு ஏறுறதே இல்ல. நீங்க போனா இங்கயே உக்காந்துக்குது. மொதல்ல மாஸ்டர்ஜிக்கு, இன்னிக்கி வெத்தல போடுற பேச்சியம்மாவுக்கு” என்றார்.

யாரும் கோபப்படவில்லை. பெஞ்சின்மேல் ஒரு தார்ப்பாயை விரித்துப் போட்டார்கள். வலி பெஞ்சை விட்டு வரிசையில் முன்னால் நிற்பவரிடம் போகத் தொடங்கியது, அவ்வளவுதான்.

சித்ரா யோசித்து ஒரு வழி சொன்னாள். “வலி கடல் தாண்டாதுன்னா நீங்க தாண்டிருங்கப்பா. ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. பல்லும் பொழைக்கும், ஒடம்பும் தேறும்.” பொன்னம்மா, முருங்கையையும் கோழிகளையும் விட்டுவிட்டு வரமுடியாது, நீங்கள் போய் முதலில் தேறுங்கள் என்று அவரை மட்டும் அனுப்பிவைத்தாள். டெய்ரி ஃபார்ம் வீட்டில் அவர் பதினோரு நாள் இருந்தார். முறுக்கு தின்றார், வறுத்த கடலை தின்றார், சூரை மீனைப் பொரித்து முள்ளோடு மென்றார். ஒன்றரைக் கிலோ ஏறியது. சாயங்காலங்களில் மட்டும் படகின் ஹாரன் கேட்காத அந்தத் தெருவில் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். பொன்னம்மா தினமும் போனில் பேசினாள். எட்டாம் நாளிலிருந்து ஓரிரு வார்த்தையோடு வைத்துவிட்டாள். டவர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை சிவப்பிரகாசம் கூப்பிட்டார்.

“நாகலிங்கம், ஒம் பொண்டாட்டி நாலு நாளா கன்னத்தைக் கட்டிக்கிட்டு இருக்கு. ஒன்னயப் பாக்கத்தான் மீன்கொழம்போட ஜெட்டிக்கு வந்துச்சு. வரிசையில நிக்கிறப்ப புடிச்சிருச்சு.”

“படகு ஏறிருந்தா விட்டுட்டுப் போயிருக்குமே சார்.”

“அதான் ஏறல. பின்னால பேச்சியம்மா நின்னுது. நான் ஏறுனா அதுக்குப் போயிரும்னு சொல்லிட்டு, கொழம்பையும் வலியையும் தூக்கிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிருச்சு.”

நாகலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சித்ரா தடுக்கவில்லை, ஆட்டோ வரைக்கும் கூட வந்தாள். படகில் அவர் உட்காரவே இல்லை. முப்பத்தோரு வருஷம் நின்ற இடத்தில், கம்பியைப் பிடித்தபடி நின்றார். பாம்பூஃப்ளாட் ஜெட்டி நெருங்க நெருங்க, வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வலி சீக்கிரம் வந்து சேர வேண்டுமே என்றிருந்தது. சரிவில் கால் வைத்ததும் வந்தது. பல்லைக் கடிக்கவும் முடியாமல், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்ததைப் பிரவீன்குமார் பார்த்தார். அதே நேரத்தில் வீட்டில் பொன்னம்மா கட்டை அவிழ்த்துவிட்டு அவருக்கும் சேர்த்து அரிசி களைந்து போட்டாள்.

“எங்கிட்டச் சொல்லிருக்கக்கூடாதா?” என்றார் அவர்.

“சொன்னா நீங்க சாப்பாட்டுல பாதியில எந்திரிச்சு வந்துருப்பீங்க. அது யாரு வலி? நம்ம வீட்டு வலிதானே. அப்படி நெனச்சேன், சொன்ன பேச்சு கேட்டு எங்கூட வந்துருச்சு. கஞ்சிய வடிச்சுத் தாரேன், உக்காருங்க.”

மறுநாள் அவர் டாக்டருக்குப் போன் செய்து, இனி அங்கே வந்து பயனில்லை என்று நடந்ததையெல்லாம் சொன்னார். டாக்டர் விஜயலட்சுமி ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. தன்னிடம் வரும் வயதானவர்களில் பாதிப்பேர் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி இல்லை என்றுதான் சொல்கிறார்கள், காரணம் இப்போதுதான் புரிகிறது என்றார். “வலி வராதுன்னா நான் வர்றேன். ஞாயித்துக்கிழமை எங்கயும் போயிராதீங்க.”

மடக்கு நாற்காலி, நெற்றி விளக்கு, இரண்டு பெட்டிகளோடு அவர் காலைப் படகில் வந்து இறங்கினார். சிவப்பிரகாசத்தின் முன் அறையில் ஜன்னலோரமாக நாற்காலியை விரித்தார்கள். கீழ் வரிசையில் கடைசிக்கு முந்தைய பல்லைத் தட்டியதும் நாகலிங்கம் கையைத் தூக்கினார். ஊசி போட்டு, மரத்த பிறகு, இருபது நிமிஷத்தில் இரண்டு வேரோடு பல் வந்தது. வலி கொஞ்ச நேரம் அறையில் நின்று பார்த்துவிட்டு, இடமில்லாமல் வெளியே போனது. அது போன பக்கத்தில் கோழிகள் மட்டும் சற்று விலகி நின்றன. மற்ற இரண்டு பற்களையும் டாக்டர் அடுத்தடுத்த மாதங்களில் அடைத்துக் காப்பாற்றினார்.

கையைக் கழுவிவிட்டு வெளியே பார்த்தபோது வாசலில் இருபத்தாறு பேர் நின்றார்கள். யாருக்கும் வலி இல்லையாம். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்களாம். ஒருநாளாவது அந்த வலியை வாங்கிப் பார்த்தவர்கள் பலர், அதன்பிறகு தங்கள் வாயை நாக்கால் துழாவிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். டாக்டர் சாயங்காலம் ஐந்து மணி வரை வாய்களைப் பார்த்தார். உடைந்த வேர்கள், ஆடும் பற்கள், செட்டு உரசிப் புண்ணான ஈறுகள். பேச்சியம்மாவின் உள்கன்னத்தில், நாற்பது வருஷமாக வெற்றிலையும் புகையிலையும் அடக்கிய இடத்தில், கட்டைவிரல் நகமளவு வெள்ளைத் திட்டு இருந்தது. அதற்கு வலியே கிடையாது. டாக்டர் அன்றைக்கே சீட்டெழுதி அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். திட்டை வெட்டி எடுத்தார்கள். ஆரம்பத்திலேயே வந்ததால் பயமில்லை என்றார்கள். பேச்சியம்மா புகையிலையை விட்டாள். விட்ட கோபத்தில் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை, பிறகு பேசினாள்.

அதிலிருந்து டாக்டர் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு பாம்பூஃப்ளாட்டுக்கு வருகிறார். சிவப்பிரகாசத்துக்குப் புது செட்டு கட்டியாயிற்று. அவர் இப்போது முறுக்கை உடைக்காமல் கடிக்கிறார். வரிசை நீளமாக இருப்பதால் ஒரு வழக்கமும் வந்திருக்கிறது. பொன்னம்மா சொன்ன முறைதான்: நம்ம வலி என்று மனதார நினைத்தால் யாருடையதானாலும் வந்துவிடும். முறை வருவதற்குள் பசியெடுத்தவர்கள் பக்கத்திலிருப்பவரிடம், “கொஞ்சம் வச்சிருங்க, டீ குடிச்சிட்டு வந்துர்றேன்” என்று வலியைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். டாக்டரின் ரிஜிஸ்டரில் பல் யாருடையது என்பதற்கு ஒரு கட்டமும், வலி இன்று யாரிடம் என்பதற்கு ஒரு கட்டமும் இருக்கின்றன.

இந்த வருஷம் பிப்ரவரி முதல் ஞாயிறன்று பொன்னம்மாவுக்கே மேல்பல் ஒன்று வலித்து, வரிசையில் வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. நாகலிங்கம் கையை நீட்டினார். அவள் வலியைக் கொடுத்துவிட்டு, பேச்சியம்மா கொண்டுவந்திருந்த இட்லியில் மூன்றை நிதானமாக மென்று தின்றாள். மனைவியின் வலி தன்னுடையதைவிடச் சின்னதாகவும், ஆனால் பிடிவாதமாகவும் இருப்பதை அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து டாக்டர் பொன்னம்மாவின் பேரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் எழுந்து போனார்கள்.