மடிப்புக் கோடு

காசிமாயன் சாக்குப் பையை இறக்கி வைப்பதற்குள் சரவணக்குமார் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"எந்த மூஞ்சிய வெச்சுட்டு வந்தீங்க? நேத்து உங்க பட்டறைல சத்தம் போட்டுட்டு வந்த மனுசன், ஊட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சாரு. அவ்வளவுதான்."

சட்டை கையில் இருந்தபோதும் பேச்சில் 'ங்க' போகவில்லை. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நகர்ந்தன. கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நஞ்சம்மாள் தம்பியின் குரல் கேட்டு நிமிர்ந்தாள். முதலிபாளையத்து மில்லிங் பட்டறைக்காரர் இவர்தான் போல.

உள்ளே படுத்திருந்த அவள் புருஷன் ராசப்பன் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்குப் பேட்டர்ன் மாஸ்டர். துணி வெட்டுவதற்கான மாதிரி அட்டைகளை வெட்டி வெட்டிக் கட்டைவிரல் மரத்துப்போனவர். கம்ப்யூட்டரில் வரைந்தால் பலகையில் தானே வெட்டித் தரும் சி.என்.சி. ரூட்டர் ஒன்றை, இரண்டு வருஷமாக வண்டி நிறுத்தும் கொட்டகையில் செய்துகொண்டிருந்தார். வீடியோ பார்த்து மோட்டார் வாங்கினார், சட்டம் அடித்தார். கட்டரைத் தாங்கும் இரண்டு அலுமினியத் தகடுகள்தான் பாக்கி. அவற்றைத் தாளில் வரைந்து, வெட்டித் தரச் சொல்லி முதலிபாளையத்தில் கொடுத்திருந்தார்.

"தாளுல இருந்தபடிதான் வெட்டுனேன் தம்பி." காசிமாயன் சட்டையை விடுவித்துக்கொள்ள முயலவில்லை. "அண்ணே வந்து பாத்துட்டு, 'பாதிய வெட்டி வச்சிருக்கியே, உனக்கெல்லாம் எவன்யா மிஷின் குடுத்தான்'னு வைதாரு. நானும் பதிலுக்கு ஒண்ணு சொல்லிப்புட்டேன். மனசு கேக்கல. விடியவும் முழுசா வெட்டிட்டுப் போன் அடிச்சேன். யாரோ எடுத்து விசயத்தச் சொன்னாக."

"உங்களாலதான் எங்க மச்சான் போயிட்டாரு. தகட்ட எடுத்துட்டுக் கெளம்புங்க."

"என் தப்புதான் தம்பி."

அவர் அப்படி ஒத்துக்கொண்டதுதான் நஞ்சம்மாளை எழுந்துவரச் செய்தது.

"ஏனுங்க, அந்தத் தாளு இருக்குதுங்களா?"

நாலாக மடித்த பழுப்புத் தாள் அவர் பையிலிருந்து வந்தது. கட்டிங் டேபிளில் பன்னிரண்டு வருஷம் நின்றவளுக்கு விரித்ததுமே புரிந்துவிட்டது. பாதித் தகடு. ஓரத்தில் ஒரு நேர்கோடு, அதன் இரு முனைகளிலும் உள்ளே மடங்கிய அம்பு. துணியை இரண்டாக மடித்து, அந்தக் கோட்டை மடிப்பின் மேல் வைத்து வெட்டினால், விரிக்கும்போது முழுசாக வரும். முன்பக்கமோ முதுகோ, முப்பது வருஷமாக ராசப்பன் பாதிதான் வரைந்திருக்கிறார். தகட்டையும் கை அப்படியே வரைந்துவிட்டது.

பந்தல் முழுக்கக் கட்டிங்காரர்கள். ராசப்பன் வெட்டிய அட்டையை அளந்து பார்க்க வேண்டியதில்லை என்று சற்று முன்புதான் ஒருவர் சொல்லி அழுதார். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டால் அந்தப் பேர் அப்படியே இருக்கும். எதிரே நின்றவர் ஒரு சாவைச் சுமந்துகொண்டு பட்டறைக்குத் திரும்புவார்.

"சரவணா, கைய எடு," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அவரு மேல தப்பில்ல. உங்க மச்சான் பாதிதான் போட்டுக் குடுத்திருக்கறாரு."

"அக்கா, இன்னைக்குப் போயி இதைய..."

"இன்னைக்குத்தான் சொல்லோணும்."

தாள் கைமாறிக் கைமாறிப் போனது. பெருமாநல்லூரிலிருந்து வந்திருந்த மாஸ்டர் பிரதீப் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஃபோல்டு போட்டிருக்காருங்க! தகட்ட மடிச்சு வெட்டச் சொல்லியிருக்காரு நம்ம மாஸ்டரு!"

சிரித்துவிட்டார். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். பிரதீப் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன, கண்களில் நீர் கொட்டியது. நஞ்சம்மாள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

காசிமாயன் சிரிக்கவில்லை. "அந்த அம்பு என்னான்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் தாயி."

"சொல்லோணும்னு அவருக்கும் தோணியிருக்காதுங்க. எங்க தொழில்ல அதைய யாரும் கேக்கறதில்லீங்க."

மின்மயானத்து வண்டி வந்து முன்பக்கமாகத் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே சந்துக்குள் நுழைந்தது. பங்காளிகள் பாடையைச் சுற்றிக் குனிந்தார்கள். கால்மாட்டைப் பிடித்திருந்த சரவணக்குமார் நிமிர்ந்து பந்தலின் ஓரத்தில் நின்ற காசிமாயனைப் பார்த்தான். பிறகு இடது பக்கமாக ஓர் அடி நகர்ந்து இடம் விட்டு நின்றான். காசிமாயன் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தார்.