கலக்காத எண்ணெய்

அண்ணி நடத்தும் அழகு நிலையத்தில் முகப்பருவுக்கு ஆலோசனை சொல்வதுதான் அவளுடைய வேலை. படித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டு உட்கார்ந்த இடம். வருகிறவர்களில் பாதிப் பேர் கிரீம் என்றாலே முகத்தைச் சுளிப்பார்கள். "எண்ணெய் ஏதாவது இருந்தா குடும்மா, இயற்கையா இருக்கணும்" என்பார்கள். எண்ணெய்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் அண்ணிமேல்தான்.

பருவுக்குக் கொடுக்கும் டீ ட்ரீ எண்ணெய், ஒரு வெளிநாட்டு மரத்தின் இலையிலிருந்து எடுப்பது, பொல்லாத சரக்கு. சாதுவான வேறு எண்ணெய் ஒரு கரண்டி எடுத்து, அதில் இரண்டு மூன்று சொட்டு மட்டும் கலந்து, தாடைக்கு அடியில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பருவில் வைக்க வேண்டும். இதை வாய் வலிக்கச் சொல்வாள். ஆனால் கலக்க வேண்டும் என்றதுமே வந்தவர்களுக்கு முகம் மாறிவிடும். கலப்படம் என்று நினைப்பு! அண்ணி அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். கலக்கும் முறை அச்சிட்ட தாளைக் குப்பையில் போட்டுவிட்டு, 'கலக்காதது, முழுச் சுத்தம்' என்று புட்டிமேல் ஒட்டினாள். இவள் சண்டை போட்டதற்கு, "வியாபாரம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று பதில் வந்தது. அண்ணன் வழக்கம்போல் காதில் விழாத மாதிரி நகர்ந்துவிட்டான்.

அன்று ஒரு அம்மா மேலுதட்டு முடி எடுக்க வந்தாள். கூடவே கல்லூரியில் படிக்கும் மகள், வாயையும் கன்னத்தையும் கைக்குட்டையால் மூடிக்கொண்டு. அண்ணி நூலைப் பல்லில் கடித்து இழுத்து வேலையை முடித்ததும் அந்த அம்மா எழுந்தாள்.

"அந்த எண்ணெய் இன்னொரு புட்டி குடுங்க. தீர்ந்துபோச்சு."

இவள் மகளின் கைக்குட்டையை மெதுவாக விலக்கினாள். கன்னம் இரண்டும் செக்கச் செவேல் என்று, தோல் உரிந்து, அங்கங்கே நீர் கோத்து நின்றது.

"எப்படிம்மா போட்ட?"

அம்மாதான் பதில் சொன்னாள். "நான்தான் ராத்திரி முகம் பூரா தேய்ச்சு விடுறேன். எரியுது எரியுதுன்னு ஒரே அழுகை. உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது, அப்படித்தான் இருக்கும்னு இவங்கதானே சொன்னாங்க?"

"ஆமா, போகப் போகச் சரியாயிடும்" என்று அண்ணி வெட்கமே இல்லாமல் புதுப் புட்டியை எடுத்து நீட்டினாள்.

இவள் அதைப் பிடுங்கினாள். "அக்கா, இது வெந்துபோன தோல். இன்னும் போட்டா தழும்பு விழுந்துடும். இன்னிக்கே தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

"நாளையிலேருந்து நீ இங்க வராத" என்றாள் அண்ணி.

"வரல. ஆனா இந்தப் புட்டி இந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகாது."

அந்த அம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இலையிலேருந்து எடுத்தது என்ன பண்ணிடும்? டாக்டருக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிறியா? இங்க பாரு!" புட்டியைப் பறித்தாள், விரலில் கவிழ்த்தாள், சற்றுமுன் முடி எடுத்த மேலுதட்டில் அழுத்தித் தேய்த்தாள்.

"ஐயோ, அங்க வேணாம்!" என்று பதறியது அண்ணிதான். அப்போ எல்லாம் தெரிந்தேதான் விற்றிருக்கிறாள். இவள் கை நீட்டித் தடுத்திருக்கலாம், எட்டும் தூரம்தான். நீட்டவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா என்று அந்த அம்மா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு கண்ணில் நீர் முட்டியது. விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் முடியாமல் நாற்காலியில் சரிந்து, இரண்டு கையாலும் வாயருகே விசிறிக்கொண்டாள்.

மகள்தான் ஓடிப்போய்த் துண்டை நனைத்து வந்தாள். "தேய்க்காதம்மா, கையை எடு" என்று அம்மாவின் உதட்டில் பூப்போல ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"எவ்வளவு நேரம்டி இப்படி எரியும்?"

"எனக்கு விடியற வரைக்கும் எரியும்மா" என்றாள் மகள். "நீ தூங்கிடுவ."