செத்த பலகை

ராயபுரத்தில் கடலை ஒட்டி நின்ற ஒரு கல்லூரியில் சங்கரநாராயணன் ஆறு வருஷமாகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர். ஆறு வருஷமும் தற்காலிகம். “இந்த வருஷம் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டியில் கேடயத்தைக் கொண்டுவாரும், உம்மை நிரந்தரமாக்குகிறேன்” என்று பிரின்சிபால் வாக்குக் கொடுத்திருந்தார். நிரந்தரமானால்தான் அம்பாசமுத்திரத்தில் மாமனார் வீட்டில் கிடக்கும் மனைவியையும் மகளையும் கூட்டிவந்து குடித்தனம் வைக்க முடியும்.

கேடயம் வந்துவிடும் என்றே அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்குக் காரணம் ஒரு பலகை.

கூடை வளையம் பலகையோடு ஒட்டி இருக்காது. அரை அடி தள்ளித்தான் நிற்கும். பந்து பலகையில் பட்டு, அந்த இடைவெளியைத் தாண்டி, வளையத்துக்குள் விழ வேண்டும். நல்ல பலகை என்றால் லேசாகத் தொட்டாலே போதும், பந்தைத் திருப்பித் தந்துவிடும். ராயபுரத்துப் பலகைகளோ துறைமுகத்தில் கழித்துப்போட்ட பெட்டிச் சட்டங்களை இணைத்துச் செய்தவை. உப்புக்காற்றில் ஊறி, திருகாணி தளர்ந்து, பந்தின் வேகத்தை அப்படியே விழுங்கிவிடும். வெளியூர்ப் பையன்கள் எறிந்த பந்தெல்லாம் வளையத்துக்கு முன்னாலேயே தொப்பென்று விழுந்தது. சங்கரநாராயணன் தம் பிள்ளைகளைப் பலகையில் ஓங்கி அடிக்கப் பழக்கினார். சொந்த மைதானத்தில் அவர்களை யாரும் ஜெயித்ததில்லை. வெளியே தோற்றால் நடுவர் சரியில்லை, வெயில் சரியில்லை என்பார்.

போன வருஷம் கல்லூரிக் கமிட்டி உறுப்பினரான மரக்கடை வேதமாணிக்கம் புதுத் தேக்குப் பலகைகள் செய்து தருவதாகச் சொன்னார்.

“வேண்டாம் அண்ணாச்சி. இதுதான் எங்களுக்கு ராசி.”

“ராசியா? கரையான் அரிச்சுக் கெடக்கு வே!” என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

இந்த வருஷம் கேடயத்துக்கான முந்தைய ஆட்டங்களெல்லாம் ராயபுரத்திலேயே அமைந்தன; இறுதி ஆட்டம் மட்டும் நகரத்துக்குள், வேறொரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. அங்கே கெட்டியான தேக்குப் பலகை. அவருடைய அணியில் மூன்று வருஷமாக ஆடும் தாமோதரன் முதல் பந்தை அடித்தான். அது பலகையில் பட்டு, வளையத்தைத் தாண்டி, அவன் தலைக்கு மேலேயே திரும்பிப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்: “மாமு, பந்து ராயபுரத்துக்கே போவுது பாரு!”

தாமோதரன் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. வலை இழுத்த தோள். இடைவேளையில் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தான்.

“சார், இந்தப் பலகைக்கு உசுரு கீது. நம்புள்து செத்த பலகை சார்.”

சங்கரநாராயணன் அவன் தோளைப் பிடித்தார். “மெதுவாப் போடுலே. தொட்டா போதும்.”

“மெதுவாத்தான் போட நெனைக்கிறேன். கை கேக்க மாட்டேங்குதே. நீதானே சார் மூணு வருஷமா அடி, அடின்னு சொல்லிக்கினு இருந்தே?”

மூன்று வருஷம் தோளில் ஏற்றியதைப் பத்து நிமிஷத்தில் எப்படி இறக்குவது? ஆட்டத்தில் தோற்றது மட்டுமில்லை, கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

அடுத்த வாரம் பிரின்சிபால் கூப்பிட்டார். “கமிட்டி வேறு ஆள் பார்க்கச் சொல்லுகிறது. வேதமாணிக்கம் உம் பெயரைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறார். தேக்குப் பலகைகளை மாட்டியாயிற்று. புது ஆள் வந்ததும் நீர் போகலாம்.”

மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவர் மைதானத்துக்கு வந்தார். புதுப் பலகைகள் எண்ணெய்ப் பளபளப்போடு நின்றன. பழையவற்றைப் பிளந்து கேண்டீன் அடுப்புக்கு அடுக்கியிருந்தார்கள். கீழே கிடந்த பந்தை எடுத்து, எப்போதும் போல ஒன்று போட்டார். பந்து பலகையில் மோதி, அவர் தலையைத் தாண்டி, வேலிக்கு வெளியே சாலையில் குதித்து ஓடியது.

பெருக்கிக்கொண்டிருந்த கெங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னா சார், புதுப் பலகை மேல இவ்ளோ கோவம்?”

“கோவமெல்லாம் இல்லம்மா” என்றார் அவர். “நான் போடுறதே இப்படித்தான்.”

அவள் நம்பவில்லை. அவர் பந்தை எடுக்கச் சாலைக்கு இறங்கினார்.