மேட்டூர் எடுத்த பெண்

மாவட்ட மகளிர் கபடி லீக்குக்கு ஆள் எடுப்பது சூரமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பேர் கொடுத்த கல்லூரிப் பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டன. போன வருடம் கடைசியாக வந்த அணி என்பதால் மேட்டூருக்குத்தான் முதல் வாய்ப்பு. அதன் கோச் தமீம் மைக்கைப் பிடித்து, “இனியா” என்றார்.

சின்னண்ணனுக்குக் காது அடைத்துப்போனது. ஆட்டையாம்பட்டியில் தறிப்பட்டறை வைத்திருப்பவர், வாலிபத்தில் கபடி ஆடியவர். தன் மகள் தனப்பிரியாவின் பேர்தான் முதலில் வரும் என்று சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தார். இனியா உயரமான பெண், பிடித்தால் உடும்புப் பிடி, ஆனால் பதறுவாள். எதிரணிக் களத்தில் ஏறிப் பாடுவதில் தனப்பிரியாவுக்கு ஈடாக அந்த மண்டபத்தில் யாரும் இல்லை. அவளை மூன்றாவது சுற்றில்தான் ராசிபுரம் எடுத்தது.

“உடுங்கப்பா, ஆடறதுக்கு எடம் கெடச்சுருச்சில்ல” என்றாள் தனப்பிரியா.

அவரால் விட முடியவில்லை. டீக்கடையில் பேசினார். பட்டறையில் பேசினார். பிறகு செல்போனில் பேச ஆரம்பித்தார். லீக் நடத்துபவர்கள் போடும் ஆட்டக் காட்சிகளில் இனியா கோட்டை விட்ட இடங்களை மட்டும் வெட்டி, தன் முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் சேர்த்து வீடியோ போட்டார். ‘மேட்டூரு எடுத்த லட்சணத்தப் பாருங்க’ என்று ஆரம்பிக்கும் அந்தக் குரலில் நல்ல நையாண்டி இருந்தது. ஜனங்கள் சிரித்தார்கள், மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். மேட்டூர் தோற்கத் தோற்க அவருக்குப் பேச விஷயம் கிடைத்தது.

“அப்பா, இனியா எங்கூடப் படிக்கறவ. மத்தியானம் ஒண்ணாத்தான் சாப்புடறோம். அவ மூஞ்சிய எப்படீங்கப்பா பாக்கறது?”

“நான் அந்தப் புள்ளயவா சொல்றேன்? எடுத்தவனத்தான சொல்றேன்.”

“பாக்கறவங்க அவளத்தான் பாத்துச் சிரிக்கறாங்க.”

அதற்குப் பிறகு மகள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை.

மேட்டூரும் ராசிபுரமும் மோதிய அன்று சின்னண்ணன் முன்வரிசையில் இருந்தார். இனியா களத்தில் இறங்கியதுமே எங்கிருந்தோ ஒருவன், “லட்சணத்தப் பாருங்க!” என்று கத்தினான். கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. தன் சொல் ஊரார் வாயில் வந்ததைக் கேட்டு அவருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

தனப்பிரியா பாடிப் போனாள். இனியாவைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நடுக்கோடு ஒரு எட்டு தூரத்தில் இருந்தது. விட்டிருந்தால் ஒரு புள்ளிதான் போயிருக்கும். இனியா விடவில்லை. யாரும் பாய மாட்டாத இடத்திலிருந்து, தலைகுப்புறக் காலை நோக்கிப் பாய்ந்தாள். இரண்டு பேரும் விழுந்தார்கள். தனப்பிரியா எழுந்தாள். இனியா முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள். அப்போதும் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு தமீம் நேராகச் சின்னண்ணனிடம் வந்தார். வீடியோவில் வரும் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“உங்க பொண்ணத்தான் எடுத்திருக்கணும்ண்ணே. நாந்தான் தப்புப் பண்ணிட்டேன், ஒத்துக்கறேன். போதுமா? அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? கூப்பிட்டேன், வந்து ஆடுச்சு.”

இத்தனை நாள் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார். கேட்டபோது அதில் ருசியே இல்லை.

ஜவ்வு கிழிந்துவிட்டது, இனிமேல் கபடியை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னதாகச் செய்தி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த இனியாவின் வீட்டுக்குத் தனப்பிரியா கிளம்பினாள். நானும் வாரேன் என்று அவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு கூடப் போனார்.

இனியா காலுக்குக் கட்டுப்போட்டுக் கட்டிலில் படுத்திருந்தாள். அவள் அம்மா ஜோதி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “உக்காருங்க, இத்தன தூரம் வந்திருக்கறீங்க” என்று காப்பி கொண்டுவந்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஏனுங்க, உங்களுக்குக் கபடிக்காரங்களையெல்லாம் பழக்கமுங்களா? யாரோ ஒரு ஆளு இவளக் கிண்டல் பண்ணி வீடியோ போடறானாமுங்க. இவ அதையே தெனம் போட்டுப் போட்டுப் பாத்துட்டுக் கெடக்கறா. சோறு எறங்கறதில்லீங்க. அந்த ஆளக் கண்டா, அதையெல்லாம் எடுத்துரச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

சின்னண்ணன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் தெரிந்துவிடும். இனியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்று அவருக்கு அந்தப் பார்வையில் புரிந்தது.

“உடும்மா” என்றாள் இனியா. “பாவம், அவங்க காப்பி குடிக்கட்டும்.”

அவர் குடித்தார்.

பஸ் ஏறியதும் செல்போனை எடுத்து ஒவ்வொன்றாக அழித்தார். அழித்து என்ன, ஊர் ஊராகப் போனது போனதுதான். இரண்டு சீட் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்த மகளிடம் போய், “எல்லாத்தையும் எடுத்துட்டேன் சாமி” என்றார்.

தனப்பிரியா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

“ராசிபுரத்துல சொல்லிட்டேனுங்கப்பா” என்றாள். “நான் இனி ஆட வரலீன்னு.”