அடி விழும் முன்பே உதைத்த கால்

எங்கள் தோல் ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஆரோக்கியசாமிக்குச் சர்க்கரையால் இரண்டு கால்களும் மரத்துப்போய்விட்டன. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. ஆனால் வண்டியை விடமாட்டார். விட்டால் ஈரத்தோலைத் தோளில் சுமக்க வேண்டும், ஆப்பரேட்டர் என்ற பெயர் போய்விடும். அவர் கவலை அவ்வளவுதான். பிரேக்கை மிதிப்பது அந்தக் கால்தான் என்பது அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டதும் என்னிடம் வந்தார். பிசியோதெரபியை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு நைட் ஷிஃப்டுக்கு வந்தவன் நான்.

"டேய் டாக்டரு, தட்டுனா கால் எகிறணும். இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாதுண்ணா. தட்டுன சேதி முதுகுத்தண்டுக்குப் போய் அங்கிருந்தே திரும்பிடும். கால் எகிறினப்புறம்தான் மூளைக்கே தெரியும். உனக்கு சேதி போற நரம்பே செத்துப்போச்சு."

"மூளை எனக்கு ஜாஸ்திடா. அத்த வச்சிப் பாத்துக்கறேன்."

மூன்று நாள் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து, நான் ஸ்பூனால் தட்ட, அவர் உதைத்துப் பழகினார். பார்க்கச் சகிக்கவில்லை. ஸ்பூன் படுவது தெரியாமல், கண்ணால் பார்த்துத்தான் உதைத்தார். ஒவ்வொரு முறையும் தாமதம். "இன்னும் சீக்கிரம்ணா" என்றேன், ஒரு பிளேட் பிரியாணிக்காக.

பரிசோதனையன்று அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். டாக்டர் சுத்தியை ஓங்கி, பாதியில் நிறுத்தினார். ஆரோக்கியசாமியின் கால் கம்பீரமாக எகிறியது.

"நான் இன்னும் அடிக்கவே இல்லையேப்பா."

வரிசை முழுக்கச் சிரிப்பு. டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி நான்கு முறை தட்டினார். கால் கறிக்கடைத் தொடைபோலத் தொங்கியது.

"இவர் வண்டி ஓட்டக் கூடாது" என்றார்.

மேனேஜர் பிரேம்நாத் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெள்ளிக்கிழமை கன்டெய்னர் போகணும் டாக்டர். வேற ஆள் இல்ல. ஃபிட்னு போடுங்க."

அடுத்த வருடப் பரிசோதனை முகாமும் டாக்டருக்கே கிடைக்க வேண்டும். போட்டார்.

"பாத்தியா நம்ம ஆக்டிங்க!" என்று என் முதுகில் அறைந்துவிட்டு ஆரோக்கியசாமி வண்டியில் ஏறினார். கால் பிரேக்கின் மேல்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

வண்டிக்கு எதிரே, எங்களோடு வேலை பார்க்கும் முத்துமாரி முதுகைக் காட்டியபடி தோல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தள்ளி நில்லுக்கா" என்று கத்தினேன்.

"ஏன், இன்னா ஆச்சு?"

பிரேம்நாத் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல, சும்மா" என்றேன். அவள் மறுபடி தோல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.