கம்பியில்லாத ஜன்னல்

மருதங்குடி ஸ்டேஷனில் காலை ஏழேகாலுக்குத் திருச்சி வண்டி ஒன்றாம் பிளாட்பாரத்தில்தான் நிற்கும். மீட்டர்கேஜ் காலத்து ஓட்டுக் கட்டடம் போய், அகலப் பாதை வந்து, தலைக்கு மேல் கரண்டுக் கம்பியும் வந்தாயிற்று; இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை. இருப்பது ஒற்றைப் பாதை. எதிரே புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்குப் போகிற வண்டி இரண்டாம் பிளாட்பாரத்தில் வந்து ஒதுங்கினால்தான் இது கிளம்ப முடியும்.

அதற்காகக் காத்து நிற்கிற பத்து நிமிஷத்தில்தான் இடம் பிடிக்கிற கூத்தெல்லாம் நடக்கும். பெட்டிக்குப் பெட்டி, ஆபத்துக்குத் தப்பிக்கவென்று கம்பியில்லாத ஜன்னல் ஒன்று உண்டு. அரசாங்கம் எதற்கு வைத்ததோ, தினசரி போகிறவர்களுக்கு அது பிள்ளைகளை உள்ளே தள்ளுகிற வழி. வாசலில் எவள் முண்டியடிப்பாள்? பிள்ளையைத் தூக்கி ஸீட்டில் இறக்கிவிட்டால் போதும், பெரியவர்கள் சாவகாசமாக ஏறிக்கொள்ளலாம்.

பரிமளாவுக்கும் இது இரண்டு வருஷப் பழக்கம். புருஷன் குவைத்தில் இருக்கிறான். இவள் திருச்சியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். மகள் பிளெஸ்ஸிக்கு ஆறு வயது. கடைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள்.

அன்றைக்கு எழுந்ததே தாமதம். தலைதெறிக்க ஓடி வந்தால், ஒன்றாம் பிளாட்பாரத்தில் வண்டி நின்றுகொண்டிருக்கிறது. ஸ்பீக்கரில் ஏதோ சொன்னார்கள். தினம் போகிறவள் அதையெல்லாம் காதில் வாங்குவாளா? கம்பியில்லாத ஜன்னலைத் தேடிப் பிடித்துப் பிளெஸ்ஸியை உள்ளே தள்ளினாள், வாசலுக்கு ஓடினாள். இறங்குகிற கூட்டம் வழிவிடவில்லை. அதற்குள் வண்டி நகர்ந்தது. வடக்கே போக வேண்டிய வண்டி தெற்கே நகர்ந்தது.

வாசல் கம்பியைப் பிடித்த கை நழுவிப் பிளாட்பாரத்தில் விழுந்தாள். எதிர்ப் பிளாட்பாரத்து வண்டியிலிருந்து, கூட வேலை பார்க்கும் செவந்தி கத்தினாள்.

"பரிமளா, நம்ம வண்டி இங்கிட்டு நிக்குது!"

ஏசப்பா, என் பிள்ளை! முட்டியில் ரத்தம் ஒழுக ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடினாள் பரிமளா.

ஸ்டேஷன் மாஸ்டர் சொர்ணவல்லி நல்ல மனுஷி. பாதையில் வேலை நடப்பதால் இன்றைக்கு மட்டும் வண்டிகளை மாற்றி விட்டதாகவும், மூன்று தரம் சொன்னதாகவும் சொல்லிக்கொண்டே வாக்கிடாக்கியில் அந்த வண்டியின் கார்டைக் கூப்பிட்டார். எந்தப் பெட்டி என்று கேட்டது அந்தப் பக்கத்துக் குரல். பரிமளாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஓடி வந்த ஓட்டத்தில் பெட்டியை யார் பார்த்தது?

புதுக்கோட்டைக்கு முன்னால் செங்கானத்தில் வண்டி ஒரு நிமிஷம் நிற்கும். அங்கே ஒரு தகரக் கொட்டகையைத் தவிர ஆள் கிடையாது, போலீஸ் கிடையாது. எவனாவது கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனால் கேட்பாரில்லை. பரிமளாவின் பயமெல்லாம் அந்தச் செங்கானத்தை நினைத்துத்தான். கார்டு அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு, அழுகிற பிள்ளை எதையும் காணோம் என்றார். அழவில்லையென்றால் பிள்ளை வண்டியிலேயே இல்லையோ?

ஸ்டேஷன் வாசலில் பிச்சைமுத்துவின் ஆட்டோ நின்றது. விஷயத்தைக் கேட்டதும் அவர் அவளை ஏற்றிக்கொண்டு ஆட்டோவை விரட்டினார். புதுக்கோட்டைக்கு அரை மணி. ரோட்டோரம் நின்ற ஒவ்வொரு பெண் குழந்தையையும் பரிமளா எட்டி எட்டிப் பார்த்தாள். பிளெஸ்ஸி போட்டிருந்த மாதிரி நீல யூனிஃபார்ம் கண்ணில் படும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. போன் வேறு அடிக்கவே இல்லை. கிடைத்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார்களா? புருஷனுக்கு என்ன பதில் சொல்வது? பேசாமல் அந்தத் தண்டவாளத்திலேயே போய் விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

புதுக்கோட்டை ஸ்டேஷனில் ரயில்வே போலீஸ் அறை பெஞ்சில் பிளெஸ்ஸி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கீரைக்கூடை. கூடைக்காரி காத்தாயி பிள்ளையின் தோளில் கைபோட்டுக்கொண்டிருந்தாள். பரிமளா அப்படியே சரிந்து மகளைக் கட்டிக்கொண்டாள்.

நடந்ததைக் காத்தாயிதான் சொன்னாள். எதிர் ஸீட்டில்தான் இருந்தாளாம். பிள்ளை மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்ததாம். ஆத்தா எங்கே என்று கேட்டதற்கு, வருவார்கள் என்றதாம். புதுக்கோட்டையிலும் யாரும் வராமல் போகவே கையோடு இறக்கி இப்போதுதான் கூட்டி வந்தாளாம்.

"ஒரு பொட்டு அழுதிருந்தாலும் செயினப் புடிச்சு இழுத்திருப்போமுங்க" என்றாள் காத்தாயி.

பரிமளா மகளின் முகத்தை நிமிர்த்தினாள்.

"வண்டி வேற பக்கம் போகுதுன்னு ஒனக்குத் தெரியலையாடி?"

"தெரியும்மா."

"அப்பறம் ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

பிளெஸ்ஸி காத்தாயியைப் பார்த்தாள், மேஜையில் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரரைப் பார்த்தாள். அவர்கள் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்ததோ என்னவோ, குரலை இறக்கிக்கொண்டாள்.

"சொன்னா வண்டிய நிப்பாட்டிருவாங்க. ஒனக்கு லேட்டாயிரும். லேட்டானா அடிப்பேல்ல."

காத்தாயி கூடையைக் குனிந்து பார்த்தாள். போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்த அரை மணி நேரம் ஆட்டோவில் பட்ட பயமெல்லாம் ஒரு பயமா என்று ஆகிவிட்டது பரிமளாவுக்கு. ஏதாவது சொல்ல வேண்டுமென்று வாயெடுத்தாள். அதற்குள் பிளெஸ்ஸி பெஞ்சை விட்டு இறங்கிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது உள்ளங்கையை அம்மாவிடம் நீட்டினாள்.