பக்கத்தைத் தூரமாக்கும் லென்ஸ்

படமெடுக்கப் பழகி மூன்றே மாதம். பெம்பான் ஊரில் நடந்த சேற்றுப் பாதை பைக் பந்தயத்தில் தூர நின்று எடுத்த படங்கள் எல்லாமே சப்பென்று இருக்க, லக்ஷனா வைட் லென்ஸை மாட்டி வளைவோரச் சேற்றில் குப்புறப் படுத்தாள்.

கேமராவுக்குள் தம்பி கிருபாலனின் பைக் கட்டெறும்பாகத் தெரிந்தது. இன்னும் கிட்ட வரட்டும் என்று காத்திருந்தாள். வயிற்றுக்கடியில் தரை அதிர்ந்தது. பக்கத்தில் இருப்பதையும் இந்த லென்ஸ் தள்ளிக் காட்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. பட்டனை அழுத்திவிட்டு உருண்டாள். சக்கரம் அவள் தொப்பியை நசுக்கிக்கொண்டு போனது.

கிருபாலன் பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "செத்திருப்ப லா, அக்கா."

லக்ஷனா படத்தைப் பெரிதாக்கினாள். துல்லியமாக விழுந்திருந்தது. தலைக்கவசத்துக்குள் தம்பி கண்களை இறுக மூடியிருந்தான்.